ஒரு பன் கணக்கில் வராது

நாயை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் மாற்றிப் பேசக்கூடாது.

நான் மரப்பெட்டி அடிப்பவன். மோட்டார், கண்ணாடி, தண்ணீர் பம்பு, ஒருமுறை பல் டாக்டரின் சாய்வு நாற்காலி என்று லாரியோ கப்பலோ ஏறுகிற எதற்கும் அதன் உடம்புக்குச் சரியாகப் பெட்டி அடித்துக் கொடுப்பேன். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. அதனால் இவனை ஏமாற்றலாம் என்று நினைத்து வந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் யாரும் இரண்டாம் முறை வரவில்லை.

கீழே என் பட்டறை, அதற்குப் பின்னால் நான் படுக்கும் அறை. மேலே கண்டக்டர் வீடு. முப்பது வருஷம் பஸ்ஸில் சீட்டுக் கிழித்தவர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் விசிலை விடவில்லை, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கப் போட்டிருப்பார். அவரோடு ஒரே மகன், லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். மருமகள் நர்ஸ். பிறகு அந்த நாய். ஓய்வு பெறுகிற வருஷம் பஸ்ஸின் பின் சீட்டுக்கு அடியில் குட்டியாகக் கிடந்ததாம். "டிக்கெட் எடுக்காமத்தான் ஏறியிருக்கு, எறக்கிவிட மனசு வரல" என்று சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். பஸ் கிளம்ப இரண்டு விசில் கொடுப்பார்களே, டபுள் விசில், அதை வைத்து அதற்கு டபுள் என்று பேர். ஒரு விசில் ஊதினால் நிற்கும். இரண்டு ஊதினால் கிளம்பும். அதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது.

தினமும் காலை ஏழு மணிக்குக் கண்டக்டர் நாயோடும் பேப்பரோடும் கீழே வருவார். கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து பேப்பரை எனக்கு வாசித்துக் காட்டுவார். என் படிப்புக்குத் தலைப்பு மட்டும்தான் ஓடும். அவர் வாசிப்பதில் பாதி அவராகச் சேர்ப்பது என்பது எனக்குத் தெரியும். "எந்தப் பக்கத்துல போட்டிருக்கான், காட்டு" என்பேன். "கண்ணாடி இல்லாம நீ என்னத்தப் பாக்கப் போற" என்பார். நான் டீயும் இரண்டு பன்னும் வாங்கி வைத்திருப்பேன். அவர் டீ மட்டும் குடிப்பார், பன் பல் செட்டில் ஒட்டும். குடித்ததும் பல் செட்டைக் கழற்றிக் கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போவார். அந்த இடைவெளியில் இரண்டாவது பன்னை என் டீயில் முக்கி நாய்க்குப் போடுவேன்.

இதைத் தீனி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு பன்தானே. அதுவும் கடைக்காரன் ஒரு பன் கேட்டால் பேப்பரில் சுற்றித் தரமாட்டான். அதனால் இரண்டு.

நர்ஸுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தபோது வீடே தலைகீழானது. இரண்டு மாதத்தில் சேர வேண்டும். மகனுக்கும் அங்கே வேலை இருக்கிறதாம், அந்த ஊரில் நாலு மாடி ஏறக்கூட ஜனங்களுக்குக் கால் வராதாம். கண்டக்டர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"டபுள் வந்தா நான் வரேன். டபுள் வரலன்னா நான் இங்கயே கெடக்கேன்."

"உங்கள இங்க தனியா விட்டுட்டு நான் எப்படி மாமா போக முடியும்?" என்றாள் மருமகள்.

"அப்ப நாயக் கூட்டிட்டுப் போற வழியப் பாரு."

ஆக, நாய் போனால் குடும்பம் போகும். நாய் நின்றால் எல்லாரும் நிற்பார்கள், நர்ஸின் வேலையும் போய்விடும்.

ஏஜென்ட் ஒருவன் வந்தான். நாய், பூனையை விமானத்தில் அனுப்புவதற்கென்றே ஒரு தொழிலாம். டை கட்டியிருந்தான். மழைக்காலத்தில் டை கட்டுகிறவனை நான் நம்புவதில்லை.

"நாய் நிக்கணும், காது மேல படக்கூடாது. ஒரு சுத்துச் சுத்தித் திரும்பணும். காலை நீட்டிப் படுக்கணும். நாலு பக்கமும் காத்து வரணும். கதவுல தண்ணிக் கிண்ணம், வெளிய இருந்தே ஊத்தற மாதிரி. பெட்டியும் நாயும் சேர்ந்து நாப்பது கிலோ. நாப்பதுக்கு மேல ஒரு பொடி கூடினாலும் அந்த விமானத்துல ஏத்தமாட்டாங்க, பெரியவரே."

"அந்தப் பொடிய யாரு நிறுப்பா? நீயா?"

"மெஷின் நிறுக்கும்."

"எந்த மெஷின்? எங்கிட்டயும் மெஷின் இருக்கு. பம்பு கம்பெனிக்காரனே அதுல ஏத்தித்தான் எழுதிட்டுப் போவான்."

நாயை அதில் ஏற்றினோம். இருபத்துநாலு. பெட்டியைப் பதினைந்துக்குள் முடித்தால் ஒரு கிலோ மிச்சம். பிளைவுட்டும் பைன் சட்டமும் போட்டு மூன்று நாளில் அடித்தேன். ஆணி ஒன்றின் மூக்குக்கூட உள்ளே தெரியக்கூடாது என்று ஒவ்வொரு முனையையும் விரலால் தடவிப் பார்த்தேன். நாய்க்காக இல்லை, என் பட்டறைப் பேர் கெடக்கூடாது என்பதற்காக. சரியாகப் பதினைந்து வந்தது. கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். நாய் நேராக உள்ளே போனது, ஒரு சுற்றுச் சுற்றியது, படுத்தது.

"ஜன்னல் சீட்டு குடுத்திருக்கான் பாரு" என்றார் கண்டக்டர்.

பெட்டி மேலே போயிற்று. இனிமேல் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்தான், அப்போதுதான் விமானத்தில் மிரளாது என்று நர்ஸ் சொன்னாள். காலையில் ஒரு கப், சாயங்காலம் ஒரு கப் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். சனிக்கிழமைதோறும் என் பட்டறையில் எடை.

முதல் சனி இருபத்தைந்து. இரண்டாம் சனி இருபத்தாறரை. அரைக் கப்பைக் குறைத்தாள். மூன்றாம் சனி இருபத்தேழு. இன்னும் அரைக் கப்பைக் குறைத்தாள். நாலாம் சனி நாய் மெஷினில் ஏறும்போதே பலகை முனகியது. இருபத்தெட்டு.

"பெரியப்பா, உங்க மெஷின் சரியில்ல" என்றான் லிஃப்ட்காரன்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "நீ ஏறு" என்றேன். ஏறினான். அறுபத்தொன்பது. "உன் எடை என்ன?" என்றேன். "அறுபத்தொம்பது" என்றான். "அப்ப மெஷினுக்கு உன்னத் தெரியுது, உன் நாயத்தான் தெரியலயா?"

நர்ஸ் நாய்க்கு வியாதி என்று நினைத்து ரத்தம் எடுத்துப் பார்க்க வைத்தாள். ரத்தத்தில் ஒன்றுமில்லை. கால்நடை டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல எத்தனை பேரு?" என்று மட்டும் கேட்டாராம்.

அன்று மத்தியானம் நல்ல மழை. பட்டறைத் தகரத்தின் மேல் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி சத்தம். நர்ஸ் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாரையும் கீழே கூட்டி நிற்க வைத்தாள்.

"யாரு போடறீங்க? உண்மையச் சொல்லுங்க. நான் திட்டமாட்டேன்."

திட்டமாட்டேன் என்று நர்ஸ் சொன்னால் ஊசி உண்டு என்று அர்த்தம். நான்தான் ஆரம்பித்தேன். எனக்கு எப்போதும் மகன் மேல்தான் சந்தேகம்.

"ஏன்டா, நீ சும்மாவே நிக்கற? சொல்லு."

"நான் டிரெய்னிங்தான் குடுத்தேன் பெரியப்பா. பெட்டிக்குள்ள போனா ஒரு துண்டு சிக்கன். ஏஜென்ட் சொன்னாரு."

"எத்தனை தடவ போவுது?"

"மொதல்ல மூணு தடவ போச்சு. இப்ப அதுவா உள்ள போவுது. நான் துண்டு போடறேன். வெளிய வருது. மறுபடி உள்ள போவுது."

"எத்தனன்னு கேட்டேன்."

"நேத்து முப்பத்தெட்டு."

"லிஃப்ட்காரன் பழக்கின நாயாச்சே" என்றார் கண்டக்டர். "ஏறி எறங்கிட்டே இருக்கும்."

நர்ஸ் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க மாமா?"

"நானா? நான் ஒண்ணுமே போடல. மூணு மணிக்கு நான் பிஸ்கெட் சாப்பிடுவேன். அது உக்காந்து பாக்குது. பாக்கறப்ப குடுக்காம இருக்க நான் என்ன செக்கிங் இன்ஸ்பெக்டரா?"

"எத்தனை பிஸ்கெட்?"

"எண்ணிப் பாக்கல."

"முப்பது வருஷம் சில்லறை எண்ணினவரு, பிஸ்கெட் எண்ணத் தெரியலயா?"

"பாக்கெட்ல எத்தனை இருக்குமோ அத்தன. எனக்கு ரெண்டு போவ."

லிஃப்ட்காரன் மெதுவாகச் சொன்னான். "அப்ப முட்டை?"

நர்ஸின் முகம் மாறியது. "அது வெறும் வெள்ளைக்கருங்க. ரத்தம் எடுத்தாங்களே, பாவமா இருந்துச்சு. வெள்ளைக்கருவுல கொழுப்பே கிடையாது."

"மஞ்சக்கரு எங்க போவுது?"

"வீணாப் போவுமேன்னு..."

"அதையும் போட்டியா?"

"தனித்தனியாத்தான் போட்டேன்."

கண்டக்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை, பல் செட்டைக் கையால் பிடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன? என்ன எதுக்குப் பாக்கறீங்க? எனக்கு நாயே புடிக்காது. அதுக்கு நான் எதுக்குப் போடப்போறேன்?"

"இல்ல பெரிய மாமா, சும்மாதான்..." என்றாள் நர்ஸ்.

"சும்மா என்ன சும்மா? என் தொழில் மேல ஆணையாச் சொல்றேன், ஒரு பருக்க போட்டதில்ல."

அது பொய்யில்லை. பன் பருக்கையில் சேராது.

அந்த நேரம் பார்த்து நாய் எழுந்து வந்து என் முன்னால் உட்கார்ந்து என் சட்டைப் பையையே பார்த்தது. "பென்சில் வேணுமாம்" என்று சொல்லிப் பென்சிலை எடுத்துப் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் பையையே பார்த்தது. நன்றி கெட்ட ஜென்மம்.

அன்றோடு சிக்கன் நின்றது, பிஸ்கெட் நின்றது, முட்டை நின்றது. காலையிலும் சாயங்காலமும் நாயை நடத்துவது கண்டக்டர் வேலை என்றானது. துணைக்கு என்னையும் இழுத்தார். தலைக்கு மேல் வேலை கிடந்தது, ஆனாலும் போனேன். இவரை நம்பி விட்டால் முதல் டீக்கடையிலேயே உட்கார்ந்துவிடுவார். தெருமுனை வரை ஒரு விசில், இரண்டு விசில் என்று ஊதிக்கொண்டே போவோம். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஒருவன் இவர் ஒற்றை விசிலுக்கு நின்றுவிட்டு, கூப்பிட்டு நிறுத்திவிட்டுச் சவாரி இல்லை என்றால் எப்படி என்று தெருவெல்லாம் சண்டை போட்டான்.

"அந்த ஊர்ல குளிராம்" என்றார் ஒருநாள். "தெருவுல ஒருத்தன் ஒருத்தன் கூடப் பேசமாட்டானாம்."

"உனக்கு நல்லதுதான். தொண்டை மிச்சம்."

"உனக்கு யாருய்யா பேப்பர் படிப்பா?"

"நீ படிச்சது எங்க பேப்பரு? உன் இஷ்டத்துக்கு அளந்த கத. நான் இனிமேதான் உண்மை தெரிஞ்சிக்கப் போறேன்."

நாய் நடுவில் நின்று ஒரு கம்பத்தை ரொம்ப நேரம் மோந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் சனி இருபத்தேழு. ஆறாம் சனி இருபத்தைந்தரை. ஏழாம் சனி இருபத்தைந்து. அங்கேயே நின்றுவிட்டது. புறப்படும் நாளன்றும் இருபத்தைந்துதான், கீழே இறங்க மாட்டேன் என்றது. "இதுக்கு மேல என்ன குறைக்கிறது, காத்துதான் குடுக்கறேன்" என்று நர்ஸ் அழாத குறை. பன்னைப் பாதியாகக் குறைத்திருந்தேன். அடியோடு நிறுத்தலாம் என்று தினமும் நினைப்பேன். கண்டக்டர் பல்லைக் கழற்றிக்கொண்டு பின்பக்கம் போனதும் அது வந்து உட்கார்ந்துவிடும். நான் என்ன செய்வது?

அன்று காலை பெட்டியைக் கீழே இறக்கி மெஷினில் வைத்தேன். பதினைந்தரை காட்டியது. அடைமழையில் மரம் தண்ணீர் குடிக்கும், இது எனக்குத் தெரியாததில்லை. கூட்டினால் நாற்பதரை. கார் பத்து மணிக்கு. மணி எட்டு.

நர்ஸ் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். லிஃப்ட்காரன் ஏஜென்டுக்குப் போன் போட்டான். "ஒரு பொடி கூடினாலும்னு அன்னைக்கே சொன்னேனே சார்" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. கண்டக்டர் நாயின் தலையைத் தடவிக்கொண்டு, "விடும்மா. நாங்க ரெண்டு பேரும் இருந்துக்கறோம். நீங்க போங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா என்றால், எனக்குத் தெரியவில்லை. "உங்கள விட்டுட்டு நான் போகல மாமா. வேலை வேணாம்னு எழுதிப் போட்டுடறேன்" என்றாள் அவள்.

நான் சும்மா நின்றிருந்தால் போதும். நாளைக் காலை ஏழு மணிக்கு அவர் பேப்பரோடு வந்துவிடுவார். மேலே அவள் எட்டு வருஷமாகப் பார்க்கிற அதே ஆஸ்பத்திரி வேலைக்குப் போவாள், வருவாள். எல்லாம் அப்படியே இருக்கும்.

ஆனால் அந்த அரைக் கிலோ யாருடையது என்று எனக்குத் தெரியும்.

"எல்லாரும் தள்ளுங்க" என்று இழைப்புளியை எடுத்தேன். "பெட்டிய யாரு அடிச்சா? நாந்தானே? அப்ப கூடினது என் எடை. நாய் மேல ஏன் பழி போடறீங்க?"

அடிச்சட்டம் இரண்டையும் கழற்றி இழைத்தேன். மூலைக் கட்டைகளைச் செதுக்கினேன். கதவுச் சட்டத்தைச் சுரண்டினேன். பலம் குறையாமல் எடை மட்டும் குறைய வேண்டும், அதில் ஒரு நூல் தப்பினால் பெட்டி போச்சு. சுருள் சுருளாக மரம் உதிர்ந்து கணுக்கால் வரை வந்தது. திரும்ப முடுக்கி மெஷினில் வைத்தபோது பதினைந்தை முள் தொட்டது. கூட்டினால் நாற்பது. ஒரு பொடி கூடவில்லை.

சரக்குக் கொட்டகைக்கு நானும் போனேன். கதவுத் திருகை அங்கே எவனாவது கோணலாக முடுக்கிவிடுவான். பெட்டியை இரும்புத் தட்டில் வைத்தார்கள். டபுள் வெளியே நின்றுகொண்டு பேய்முழி முழித்தது, உள்ளே போக மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிவிட்டது. கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். நாய் உள்ளே போனது. கூடவே, தட்டை இழுத்துப்போகக் காத்திருந்த சரக்கு வண்டிக்காரனும் தனக்குத்தான் என்று நினைத்து வண்டியைக் கிளப்பிவிட்டான். நான் திருகைப் போடாத பெட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கண்டக்டர் ஒரு விசில் ஊதினார். வண்டி நின்றது. நாயும் படுத்தது. கொட்டகையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் திருகைப் போட்டேன். அவர்கள் மெஷினும் நாற்பதுதான் காட்டியது. கண்டக்டர் என்னிடம் போய்வருகிறேன் என்று சொன்னாரா என்பது நினைவில்லை. என் முதுகில் ஒரு தட்டுத் தட்டியது மட்டும் தெரியும்.

ஐந்தாம் நாள் காலை. பம்புப் பெட்டி ஒன்று அடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"யோவ் பெட்டிக்காரா."

"இருக்கியா? குளிர்ல செத்துட்டியோன்னு பாத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. "டபுள் சாப்பிடலய்யா. வந்ததுல இருந்து தண்ணி மட்டுந்தான். உன் பெட்டிய விட்டு வெளிய வரமாட்டேங்குது. மருமக அதே தீனி, அதே கப்பு, அதே கிண்ணம் வச்சுப் பாத்துட்டா. சிக்கன் போட்டாச்சு. முட்டை போட்டாச்சு. மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. இங்க டாக்டரு, மனசுதான்னு சொல்றான். எலும்ப எண்ணலாம்."

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"நான் சொல்லிட்டேன்" என்றார். "அதக் கூட்டிட்டு நான் திரும்பி வந்துடறேன். ஒரு வாரத்துல டிக்கெட் பாக்கறான் பையன். அவங்க இருக்கட்டும், அவ வேலையில சேந்தாச்சு. நீ கீழ இருக்க, நான் மேல இருந்துக்கறேன்."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை என்றால் அது பொய். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒரு வாரம். ஆனால் எலும்பு தெரிகிற நாய் இன்னொரு முறை இரண்டு நாள் அந்தப் பெட்டிக்குள் கிடந்து வர வேண்டும். பெட்டியை நான்தான் இழைத்து மெலிய வைத்தேன், அதற்கே எனக்குத் தூக்கம் சரியில்லை.

"அங்க பன் கிடைக்குமா?" என்றேன்.

"என்ன?"

"பன்னுய்யா. உருண்டையா, இனிப்பா."

"கிடைக்கும். எதுக்கு?"

"டீ போடு. சக்கர தூக்கலாப் போடு, உன் மருமகளக் கேக்காத. பன்னப் பிச்சு அதுல முக்கு. ரொம்ப ஊறக்கூடாது, வெளிய பஞ்சு மாதிரி இருக்கணும். தட்டுல வைக்காத, கையில வச்சு நீட்டு. அப்புறம் வேற எங்கயோ பாக்கற மாதிரி இரு. பாத்தா சாப்பிடாது."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நீ போட்டியா?"

"ஒரு பன்."

"தினமுமா?"

"நீ பல்லக் கழுவறப்ப."

"அடப்பாவி! தொழில் மேல ஆணை வச்சியே! என் பிஸ்கெட்டப் புடுங்கினீங்களே! மூணு மணிக்கு நான் மூணு வாரம் கண்ணு கலங்கி உக்காந்திருந்தேன்!"

"போட்டுட்டுக் கத்து."

போனை வைக்காமலே போய்விட்டார். அங்கே மகனைக் கடைக்கு விரட்டுவது, பாத்திரம் உருளும் சத்தம், மருமகள் என்னவென்று கேட்பது, இவர் "நீ உள்ள போம்மா" என்பது எல்லாம் கேட்டது. நான் காதில் வைத்தபடியே நின்றேன். என் டீ ஆறிவிட்டது. பிறகு ஒரு சத்தம் வந்தது. சளப், சளப், சளப். எனக்குத் தெரியாத சத்தமா அது.

கண்டக்டர் திரும்பப் போனை எடுக்க ரொம்ப நேரமானது. எடுத்தபோது வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசினார்.

"தின்னுடுச்சு. பெட்டிய விட்டு வெளிய வந்து தின்னுச்சு. ரெண்டு."

"நீ என்ன மெல்லற?"

"மூணு வாங்கினான் பையன். டீயில முக்கினா பல் செட்டுல ஒட்டல. இத்தன வருஷம் எதுத்தாப்புல உக்காந்து நீ மட்டும் தின்னியே, ஒரு வார்த்த சொன்னியாய்யா?"

"நீ கேக்கல."

"டிக்கெட் பாக்க வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

"சரி" என்றேன்.

போனை வைத்தேன். காலையில் வாங்கிய பொட்டலத்தில் இன்னொரு பன் மிச்சம் இருந்தது. ஐந்து நாளாகவே இரண்டுதான் வாங்குகிறேன். ஒன்று கேட்டால்தான் கடைக்காரன் பேப்பரில் சுற்றித் தரமாட்டானே. ஆறிய டீயில் முக்கி அதையும் நானே தின்றேன். பிறகு பம்புப் பெட்டியை எடை போட மெஷினுக்குத் தள்ளிப்போனேன். பெட்டியை வைப்பதற்கு முன்னால் சும்மா நான் ஏறி நின்றேன்.

ஒரு கிலோ கூடியிருந்தது. யார் போடுகிறீர்கள் என்று நிற்க வைத்துக் கேட்கத்தான் மேலே ஆளில்லை.